பேய் இல்லாமல் பயமுறுத்திய வீணைக்காரர்



எங்கள் ஊர் பெயர் பாடி. அம்பத்தூர் போகும் வழியில், திருவலிதாயம் கோயில் இருக்கும் அதே பாடிதான். கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே "நீ எங்கேருந்து வர்றே?" என்று கேட்டார்கள். "பாடி" என்றேன். "பாடியா? போஸ்ட்மார்ட்டம் ஆயிடுச்சா?" என்றான் ஒருவன். அன்றிலிருந்து இதே கிண்டல்தான். எனவே திகில் பற்றிக் கட்டுரை எழுத என்னைவிடத் தகுதியான ஆள் எங்கள் வகுப்பில் கிடையாது என்று அறிவித்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு திகில் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டி முடிக்காத ஒரு வீடு, ஒரு டார்ச் லைட், இரவல் மைக், ஆளுக்கு ஐந்நூறு ரூபாய். இவ்வளவுதான் முதலீடு. பாதி எடுத்ததும் காசு தீர்ந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர், "நான் பணம் தர்றேன் தம்பி. ஆனா பேய் கொஞ்சம் காமெடி பண்ணணும். நடுவுல ஒரு பாட்டு வேணும்" என்றார். வாங்கலாம் என்று இரண்டு பேர், கூடாது என்று இரண்டு பேர். நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இதை வீட்டில் புலம்பியபோது பெரியப்பா சிரித்தார். "இதெல்லாம் பாலசந்தர் அப்பவே பட்டாச்சுடா" என்றார்.

"கே. பாலசந்தரா? அவருக்கும் பேய்க்கும் என்ன சம்பந்தம்?"

"அவர் இல்லைடா. வீணை பாலசந்தர்!"

எனக்கு அப்போதுதான் தெரியும், அப்படி ஒருவர் இருந்தார் என்று. உங்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது என் யூகம். தெரிந்தவர்கள் மன்னிக்கவும், மற்றவர்கள் மேலே படிக்கவும்.

குருவே இல்லாத பிள்ளை

எஸ். பாலசந்தர் பிறந்தது 1927 ஜனவரி 18, சென்னையில். அப்பா சுந்தரம் ஐயர் வக்கீல். வீடு முழுக்கக் கலைஞர்கள். அண்ணன் எஸ். ராஜம் பாடகர், ஓவியர். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரையும் நாம் காலண்டரிலும் சபா மேடையிலும் பார்க்கிறோமே, அந்த உருவங்களை மக்கள் மனதில் பதிய வைத்ததில் ராஜத்தின் தூரிகைக்குப் பெரிய பங்கு உண்டு.

1934ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் இந்தக் குடும்பமே நடித்தது. அண்ணன் ராஜம் ராமர், அக்கா ஜெயலட்சுமி சீதை, அப்பா ஜனகர். குட்டிப் பையன் பாலசந்தர் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிப்பவனாக வருகிறார். பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கிற வயதில் சினிமா!

அதற்குப் பிறகு அவர் கையில் கிடைத்த வாத்தியத்தையெல்லாம் வாசித்துப் பார்த்தார். கஞ்சிரா, தபலா, ஆர்மோனியம், சிதார் என்று போய்க் கடைசியில் வீணையில் வந்து நின்றார். பதின்ம வயதிலேயே சென்னை வானொலியில் கலைஞராக வேலை. இதில் முக்கியமான விஷயம், வீணைக்கு அவருக்குக் குரு கிடையாது. தானே கற்றுக்கொண்டது. கர்நாடக இசை உலகில் "நீங்கள் யாரிடம் கற்றீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பெயர்கூடச் சொல்ல முடியாத ஆள் இவர். சொல்ல விரும்பாத ஆளும்கூட.

இந்தக் குணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

21 வயதில் ஒரு பேய்

1948ல் 'இது நிஜமா?' என்று ஒரு படம். பாலசந்தருக்கு அதில் இரட்டை வேடம், இசையும் அவரே. ஒரு சகோதரன் கொலையாகிறான், அவன் ஆவி இன்னொரு சகோதரனிடம் வருகிறது. 'ஒண்டர் மேன்' என்ற 1945ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தைப் பார்த்து உண்டானது. பயமுறுத்தும் பேய் இல்லை, கலாட்டா பண்ணும் பேய். இன்றைக்குப் 'பேய்க் காமெடி' என்று நாம் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசுகிறோமே, சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடமே தமிழில் அது வந்துவிட்டது. அதே 1948ல் 'என் கணவர்' படத்தை இயக்கி நடிக்கவும் செய்தார்.

வேடிக்கை என்னவென்றால், பேயோடு ஆரம்பித்தவர் அதற்குப் பிறகு எடுத்த முக்கியமான படங்களில் பேயைத் தள்ளி வைத்துவிட்டார். ஆனால் பயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அந்த நாள்

1950களின் தொடக்கத்தில் ஒரு திரைப்பட விழாவில் அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' படத்தைப் பார்த்தார். ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் படம். அதே பாணியில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார். நிராகரித்துவிட்டார்கள். அந்தக் கதையை ஏவி. மெய்யப்பனிடம் சொன்னார். செட்டியார் படமெடுக்கச் சம்மதித்தார். வசனம் எழுதியவர் ஜாவர் சீதாராமன். 1954 ஏப்ரல் 13 அன்று 'அந்த நாள்' வெளியானது. அப்போது பாலசந்தருக்கு வயது 27.

1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டது உண்மையான சம்பவம். அந்தப் பின்னணியில்தான் கதை. படம் ஆரம்பித்ததுமே சிவாஜி சுடப்பட்டுச் செத்து விழுகிறார். ஆமாம், கதாநாயகனே! அதன் பிறகு யார் கொன்றது என்று ஒவ்வொருவராக வாக்குமூலம். பாட்டு கிடையாது. நடனம் கிடையாது. சண்டை கிடையாது. நீளமும் அந்தக் காலத்துப் படங்களைவிடக் குறைவு. பாதி முகம் வெளிச்சம், பாதி முகம் இருட்டு என்று எஸ். மாருதிராவின் ஒளிப்பதிவு மிரட்டும்.

(யார் கொலையாளி என்று இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் பெரியப்பா என்னைக் கொன்றுவிடுவார்.)

1954ல் பாட்டில்லாத தமிழ்ப் படம் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு படத்தில் டஜன் பாட்டு இருந்தாலும் ஜனங்கள் ஆச்சரியப்படாத காலம் அது. வெளியானபோது படம் சரியாக ஓடவில்லை. பிறகு தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, மறுபடி திரையிட்டபோது கவனம் கிடைத்தது. இன்றைக்குத் தமிழின் சிறந்த படங்கள் பட்டியல் யார் போட்டாலும் இது இருக்கும்.

ஜாவர் சீதாராமன் பற்றி ஒரு வரி. 'ஏழை படும் பாடு' (1950) படத்தில் ஜாவர் என்ற போலீஸ்காரராக நடித்து அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பின்னாளில் 'உடல் பொருள் ஆனந்தி' எழுதியவர் இவர்தான். நம் பாட்டிமார்களைத் தூங்கவிடாமல் செய்த தொடர்கதை. ஆக 'அந்த நாள்' என்பது தமிழில் பயத்தை நன்றாகப் புரிந்துகொண்ட இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை.

சொந்தக் காசு

1960களில் பாலசந்தர் எஸ்.பி. கிரியேஷன்ஸ் என்று சொந்த நிறுவனம் ஆரம்பித்தார். எங்கள் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன் என்று தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த அதே காலம். அங்கே ஒரு பொருள் செய்ய நூறு கைகள். இங்கே ஒரு படத்துக்கு ஒரே கை. தயாரிப்பு, இயக்கம், இசை எல்லாம் பாலசந்தர்தான்.

முதலில் 'அவனா இவன்' (1962). இதில் அவரே நடித்தார், அதுவும் கொலைகாரனாக.

அடுத்து 'பொம்மை' (1964). இதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு தொழிலதிபரைக் கொல்ல ஒரு நடக்கும் பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கிறார்கள். அந்தப் பொம்மை எங்கேயோ கை மாறிப் போய்விடுகிறது. பிறகு சென்னை முழுக்க ஒவ்வொருவர் கையாக அது போய்க்கொண்டே இருக்கிறது. வைத்தவர்களே அதைத் தேடி அலைகிறார்கள். பார்க்கிற நமக்கு மட்டும் உள்ளே குண்டு இருப்பது தெரியும், வைத்திருப்பவருக்குத் தெரியாது.

ஹிட்ச்காக் அடிக்கடி விளக்கிய சூத்திரம் இது. மேஜைக்கு அடியில் குண்டு திடீரென்று வெடித்தால் சில விநாடி அதிர்ச்சிதான். குண்டு இருப்பது முன்கூட்டியே பார்வையாளருக்குத் தெரிந்துவிட்டால் பல நிமிடம் வயிறு கலங்கும். பாலசந்தர் அந்த மேஜையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குண்டுக்குக் காலும் முகமும் கொடுத்தார். சிரிக்கிற பொம்மையைப் பார்த்துப் பயப்பட வைத்தார். பேய் எதற்கு?

இந்தப் படத்துக்காகத்தான் கே.ஜே. யேசுதாஸைத் தமிழில் முதன்முதலாகப் பாட வைத்தார். ('காதலிக்க நேரமில்லை' முந்திக்கொண்டு திரைக்கு வந்துவிட்டது என்பது வேறு கதை.) படம் முடிகிற இடத்தில், பெயர்களை ஓட்டிவிட்டுப் போகாமல் உழைத்த கலைஞர்களைத் திரையிலேயே நமக்கு அறிமுகம் செய்வார். லைட் போடுகிறவருக்கும் ஒரு முகம் உண்டு என்று ரசிகனுக்குக் காட்டிய ஆள்.

கடைசியாக 'நடு இரவில்'. அகதா கிறிஸ்டி 1939ல் எழுதிய நாவலைத் தழுவியது. ஒரு தனித்த பங்களா. சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடுகிறார்கள். ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டே வருகிறார்கள். மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி, சோ என்று நல்ல நடிகர்கள். பண்டரிபாய்க்கு மனநிலை சரியில்லாத மனைவி வேடம். பெரியம்மா இன்றைக்கும் இந்தப் படத்தின் பெயரைச் சொன்னாலே "ராத்திரியில அந்தப் பேச்சை எடுக்காதே" என்பார்.

ஆனால் படம் முடிந்தும் வாங்க ஆளில்லை. பெட்டிக்குள்ளேயே சில வருடங்கள் கிடந்து 1970ல்தான் வெளியானது. இதற்கிடையில் அதே நாவலின் சாயலில் இந்தியில் 'கும்நாம்' 1965ல் வந்து பாட்டும் ஆட்டமுமாகப் பேர் வாங்கிவிட்டது.

'நடு இரவில்' படத்துக்குப் பிறகு பாலசந்தர் சினிமாவை விட்டுவிட்டார். அப்போது வயது 43.

ஒரு கணக்கு

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நான் நினைத்து வைத்திருந்தது இதுதான்: சொந்தக் காசு போட்டால் சுதந்திரம், அடுத்தவர் காசு என்றால் அடிமைத்தனம். எங்கள் குறும்படச் சண்டையில் நான் அடித்துப் பேசியதும் இதைத்தான்.

பாலசந்தர் வாழ்க்கை இதற்கு நேர் எதிராக இருக்கிறது. பாட்டே இல்லாத, கதாநாயகன் முதலிலேயே சாகிற, ஆகத் துணிச்சலான படம் எது? 'அந்த நாள்'. அது யார் காசு? செட்டியார் காசு. சொந்தக் காசில் எடுத்த 'அவனா இவன்', 'பொம்மை', 'நடு இரவில்' மூன்றிலும் பாட்டு உண்டு. ஸ்டூடியோ முதலாளி ஒருவர் ஒரு படத்தில் நஷ்டப்பட்டால் அடுத்த படத்தில் எடுத்துவிடலாம். தனி ஆள் ஒரு படத்தில் விழுந்தால் அடுத்த படமே கிடையாது. அதனால் விநியோகஸ்தர் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்த்தும்கூட 'நடு இரவில்' பெட்டிக்குள் கிடந்தது.

அதற்காக அந்த மூன்று படங்களும் சமரசம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 'பொம்மை' மாதிரி ஒரு யோசனையை அவரைத் தவிர அன்று வேறு யார் எடுத்திருப்பார்கள்? ஆக சுதந்திரம் கிடைத்தது, அதற்கு விலையும் இருந்தது. அவ்வளவுதான்.

பம்பாயில் இதே 1970ல் இன்னொரு கதை நடந்தது. எஃப்.யு. ராம்சே என்பவர் ரேடியோக் கடை வைத்திருந்தவர். அவர் தயாரித்த 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' அந்த வருடம் தோல்வி. ஆனால் பிரித்விராஜ் கபூர் முகமூடி போட்டுக்கொண்டு திருட வரும் ஒரு காட்சிக்கு மட்டும் தியேட்டரில் ஜனங்கள் மிரண்டார்கள். அதை அவர் மகன்கள் கவனித்தார்கள். முழுக்கத் திகிலாகவே எடுத்தால் என்ன? 1972ல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' வந்தது. பிறகு 1984ல் 'புரானா மந்திர்', 1990களில் தொலைக்காட்சியில் 'ஜீ ஹாரர் ஷோ' என்று வண்டி ஓடியது.

ராம்சே சகோதரர்கள் ஏழு பேர். ஒருவர் எழுத்து, ஒருவர் கேமரா, ஒருவர் ஒலி, ஒருவர் படத்தொகுப்பு, இரண்டு பேர் இயக்கம் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கலை என்று பார்த்தால் பாலசந்தர் படங்கள் எங்கேயோ நிற்கின்றன. ஆனால் பிழைத்துக் கிடந்தது யார்? ஏழு பேர். இங்கே ஏழு பேர் வேலையை ஒருவரே தோளில் போட்டுக்கொண்டார். குரு வேண்டாம் என்ற அந்தக் குணம் இருக்கிறதே, அதுதான் இந்தப் படங்களைச் சாத்தியமாக்கியது. அதுவே அவரைத் தனியாகவும் விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

விநியோகஸ்தர் தேவைப்படாத வாத்தியம்

சினிமாவில் முழுசாகக் கிடைக்காதது வீணையில் கிடைத்தது. வீணைக்கு செட் வேண்டாம், பிலிம் ரோல் வேண்டாம். ஒரு மனிதன், ஒரு மரக்கட்டை, ஏழு தந்தி. ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களையெல்லாம் கொண்டுவருவது அவர் பாணி. ராக ஆலாபனையில் அவசரமே கிடையாது. ஸ்வரம் எப்போது வந்து சேரும் என்று நம்மைக் காக்க வைப்பார். எனக்கு சங்கீதம் தெரியாது. ஆனால் கேட்டபோது 'பொம்மை'தான் ஞாபகம் வந்தது. இரண்டிலும் காக்க வைப்பதுதான் வித்தை.

1960களிலேயே அமெரிக்காவில் அவர் இசைத்தட்டு வெளிவந்தது. 1982ல் பத்மபூஷண். 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்துப் பதிவு செய்தார். ஊர் அவரை 'வீணை' பாலசந்தர் என்றே அழைத்தது.

அங்கேயும் சும்மா இருந்தாரா? இல்லை. 1980களில், சுவாதித் திருநாள் பெயரில் இருக்கும் கிருதிகளை உண்மையிலேயே அவர்தான் இயற்றினாரா என்று கேள்வி கேட்டுப் பெரிய சர்ச்சையைக் கிளப்பினார். சங்கீத உலகின் பெரிய ஆட்களோடு மோதினார். அவர் சொன்னது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று தெரிகிறது. கேள்வி கேட்பதை அவர் எந்த மேடையிலும் நிறுத்தவில்லை.

1990 ஏப்ரல் 13. கச்சேரிப் பயணமாகப் போயிருந்த இடத்தில், பிலாயில் காலமானார். வயது 63. தேதியைக் கவனித்தீர்களா? 'அந்த நாள்' வெளியான அதே ஏப்ரல் 13. சரியாக 36 வருடம் கழித்து. இதைப் படித்தபோது மட்டும் எனக்கு லேசாகப் புல்லரித்தது.

எங்கள் படம் என்ன ஆச்சு?

நாலு பேரும் நேற்று மறுபடி உட்கார்ந்தோம். டீக்கடை பெஞ்சில் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். "அப்ப காசு வாங்கலாம்ங்கறியா, வேணாம்ங்கறியா?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி.

கடைசியில் முடிவு இது. பேயைக் கோமாளி ஆக்கச் சொல்பவரிடம் வாங்க வேண்டாம். காமெடிப் பேய் மட்டம் என்று இல்லை. 'இது நிஜமா?'வில் பாலசந்தரே செய்ததுதான். எங்கள் கதை அது இல்லை, அவ்வளவுதான். ஆனால் கதையைக் கேட்டு, அப்படியே எடுங்கள் என்று சொல்லும் ஒரு செட்டியார் என்றைக்காவது கிடைத்தால், "நாங்கள் இண்டிபெண்டண்ட்" என்று வீறாப்புப் பேசாமல் வாங்கிக்கொள்வது. அதுவரைக்கும் பன்னிரண்டு நிமிடப் படத்தை ஆறு நிமிடமாகக் குறைப்பது. கையில் இருக்கும் காசுக்கு அவ்வளவுதான் வரும். வேலையைப் பிரித்துக்கொள்வது. எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்று அலையாமல் இருப்பது (இது எனக்கு).

இன்னொன்றும் முடிவு செய்தோம். அந்தக் கட்டி முடிக்காத வீட்டில் எங்களுக்காக ராத்திரி பன்னிரண்டு மணி வரை கேட்டைத் திறந்து வைத்து, டார்ச்சும் பிடித்த வாட்ச்மேன் தாத்தா ஒருவர் இருக்கிறார். படம் முடிந்ததும் முதலில் வரும் முகம் அவருடையது.

டிஸ்கி: 'அந்த நாள்', 'பொம்மை', 'நடு இரவில்' மூன்றும் இணையத்தில் தேடினால் கிடைக்கின்றன. மூன்றாவதை மட்டும் ராத்திரி தனியாகப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டு என்னைத் திட்டினால் நான் பொறுப்பல்ல.